மலாவிக்குப் போகும் டீச்சருக்கு நேட்டாலிலிருந்து சில குறிப்புகள்

ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, வேலை கிடைச்சிடுச்சு. மலாவியில ஒரு மிஷன் ஸ்கூல். கிராமம்தான். மேத்ஸ் டீச்சர், ரெண்டு வருஷம்" என்றாள். நான் வாழ்த்து சொல்லி முடிக்கும் முன்பே போனை அக்கா வாங்கிக்கொண்டாள். "டேய், நீதான் கண்டதையும் படிக்கிறியே, அங்க தண்ணி எப்படி இருக்கும்னு பார்த்துச் சொல்லு. இவ ஒரு வாரத்துல அழுதுட்டு வந்து நிக்கக் கூடாது."

நெம்மேலியில் உட்கார்ந்துகொண்டு, கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். மலேரியா மாத்திரை, கொசுவலை, மின்வெட்டு, கொதிக்கவைத்த தண்ணீர் பற்றியெல்லாம் ஒரு மணி நேரத்தில் படித்துச் சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது வேறு. அடுத்த நாள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "மாமா, நம்ம ஊர்லேர்ந்து யாராவது இப்படி ஆப்பிரிக்காவுக்கு மிஷன் வேலையா போயிருக்காங்களா? அவங்க எப்படி செட் ஆனாங்க?"

அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து ஏழெட்டு மாதம் படித்ததன் குறிப்புதான் இந்தப் பதிவு.

கப்பல் பட்டியலில் நம்ம ஜில்லா

தேடல் கொண்டுபோய் நிறுத்திய இடம் மலாவி இல்லை, நேட்டால். இன்றைய தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை, அன்றைக்குப் பிரிட்டிஷ் காலனி. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16-ஆம் தேதி டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். எல்லாரும் ஒப்பந்தக் கூலிகள். 1911-இல் இந்த ஆள் அனுப்பும் ஏற்பாடு நிற்கும்வரை ஒன்றரை லட்சம் பேர் போனார்கள். அதில் பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகம் வழியாக.

இந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்த்தவர்களுக்கு அதன் கட்டங்கள் தெரியும். ஆளுக்கு ஓர் எண். பிறகு பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம். ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு அடிக்கடி வரும். செங்கல்பட்டும் வரும். நான் பார்த்த பக்கங்களில் நெம்மேலி கண்ணில் படவில்லை. ஆனாலும் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கும்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

முக்கியமான ஒரு விஷயம்: முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அதாவது அந்த மக்களைத் தேடி நேட்டாலில் மிஷனரி போனபோது, அவர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே ஜெபம் தெரிந்தவர்கள். ஊரில் கோவில் பார்த்தவர்கள், சிலர் பள்ளிக்கூட வாசலையும் பார்த்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனின் ஜான் ஆண்டர்சன் 1837-இல் மெட்ராஸில் தொடங்கிய பள்ளிக்கு (அதுதான் பின்னாளில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது) காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைகள் இருந்தன. நம்ம பக்கம் மிஷன் பள்ளி வந்து இருபது வருடம் ஆன பிறகுதான் நம்ம பக்கத்து ஆட்கள் கப்பல் ஏறினார்கள்.

மாணவனால் ஆசிரியரிடம் வர முடியாது

மிஷன் ஆசிரியர் என்றதும் நமக்கு வரும் படம் என்ன? ஒரு கூரைக் கட்டடம், ஒரு மணி, மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகள். நேட்டாலில் அப்படித் தொடங்கவே முடியவில்லை.

ஒப்பந்தத்தில் இருந்தவன், முதலாளியின் எழுத்து அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. போனால் பிடிப்பார்கள். அபராதம் அல்லது சிறை. வேலை வாரத்துக்கு ஆறு நாள், சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை. கரும்பு ஆலை ஓடும் பருவத்தில் அதற்கு மேலும். முதல் வருடச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். பிள்ளைகளையும் வேலைக்கு இழுத்தார்கள். இந்த நிலையில் டர்பன் ஊருக்குள் பள்ளி கட்டிவைத்து, "வாருங்கள்" என்றால் யார் வருவார்கள்?

1862-இல் அங்கே போய்ச் சேர்ந்த வெஸ்லியன் மிஷனரி ரால்ஃப் ஸ்டாட் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். அப்போது அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. அந்த வயதில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு அவரே போனார். ஞாயிற்றுக்கிழமை லயங்களின் முன்னால் நின்று பேசினார். வார நாளில் வேலை முடிந்த பிறகு இரவுப் பள்ளி. அங்கே மணி அடித்தது ஆசிரியர் இல்லை, தோட்டத்துக்காரர்.

இதைப் படித்தபோது அக்கா மகளுக்கு எழுதினேன்: "முதல் வாரமே டைம்டேபிளைத் திருத்தாதே. பிள்ளைங்க ஏன் லேட்டா வருதுன்னு முதல்ல கேளு. தண்ணி எடுக்கப் போச்சா, சோளக்கொல்லைக்குப் போச்சா, எத்தனை மைல் நடந்து வந்துச்சுன்னு கேளு." பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. என் அட்வைஸுக்கு இந்தக் காலத்துப் பிள்ளைகள் தரும் மரியாதை அவ்வளவுதான்.

மட்டக்களப்புத் தமிழ், பிரெஞ்சுக்காரர் தமிழ்

ஸ்டாட்டால் வந்த உடனே வேலையைத் தொடங்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. அவர் அதற்கு முன்பு இலங்கையில் மட்டக்களப்பில் பல வருடம் இருந்தவர். தமிழ் பேசுவார். நேட்டாலின் வெள்ளைக்கார முதலாளிகளில் பெரும்பாலோருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. தோட்டத்தில் உத்தரவு கொடுக்க ஜூலுவையும் ஆங்கிலத்தையும் கலந்த ஒரு கொச்சை மொழி இருந்தது. பின்னாளில் அதற்கு ஃபனகலோ என்று பெயர். அந்த மொழியில் "வெட்டு", "தூக்கு", "சீக்கிரம்" சொல்லலாம். "என் பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல், இன்னைக்கு வேலைக்கு வர முடியாது" என்பதை அதில் சொல்லிப் பாருங்கள்.

கத்தோலிக்கர் தரப்பில் சபோன் பாதிரியார். பிரெஞ்சுக்காரர், அமலமரி தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். இந்தியர்கள் வருவதற்கு முன்பிருந்தே நேட்டாலில் இருந்தார். கப்பலில் வந்த கத்தோலிக்கர்களைப் பார்த்த பிறகு இந்த மனிதர் தமிழ் கற்கத் தொடங்கினார். 1867-இல் டர்பனில் இந்தியக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அந்த ஊரில் தொடக்ககாலத்துப் பள்ளிகளில் அது ஒன்று.

ஸ்டாட்டின் மட்டக்களப்புத் தமிழும் வட ஆற்காட்டுக்காரரின் பேச்சும் எப்படிச் சந்தித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். இவர் "கதைக்கிறது" என்றிருப்பார், அவர்கள் "பேசறது" என்றிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெலுங்கும் வரும். சிரித்திருப்பார்கள். ஆனால் சிரிக்கும் அளவுக்குப் புரிந்திருக்கும். ஒரு வேற்றூர் ஆசிரியர் தன் பேச்சைக் கேட்டு மாணவர்கள் சிரிக்க இடம் கொடுத்தால், பாதி ஊன்றிவிட்டார் என்று அர்த்தம்.

இதில் ஒரு முரண் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் தெரிந்த இந்த மிஷனரிகள் வழியாக வளர்ந்த பள்ளிகளில் காலப்போக்கில் ஆங்கிலமே பாடமொழி ஆனது. 1871-இல் ஒப்பந்தம் முடிந்து மெட்ராஸ் திரும்பிய முதல் கூட்டம் தாங்கள் பட்ட பாட்டை இங்கே முறையிட்டது. அதனால் 1872-இல் நேட்டாலில் ஒரு விசாரணைக் கமிஷன். பிறகு 1878-இல் இந்தியக் குடியேறிகளின் பள்ளிகளுக்கென்று ஒரு வாரியமும் வந்தது. அரசு மானியம் வந்தது, மானியத்தோடு ஆங்கிலம் வந்தது. தமிழ் படிக்க வேண்டுமென்றால் மாலையில், சொந்தச் செலவில், கோவில் பக்கமோ மண்டபத்திலோ தனிப் பள்ளி. பெற்றோர் ஆங்கிலத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வார்களா என்ன! பிள்ளை கரும்பு வெட்டாமல் இருக்க வேறு வழி என்ன இருந்தது?

அந்த வகுப்பறைகளிலிருந்து யார் வந்தார்கள்

1894-இல் காந்தி, நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து டர்பனில் முதல் கூட்டம் போடுகிறார். வியாபாரிகள் வந்தார்கள். கூடவே ஒரு கூட்டம் கிறிஸ்தவ இளைஞர்களும் வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக் கூட்டிவந்தவர்கள் என்று காந்தி சுயசரிதையில் இரண்டு பேரைச் சொல்கிறார். ஒருவர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த பால். இன்னொருவர் சுபான் காட்ஃப்ரே. அவர் அப்போது ஒரு மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். 1860-களில் தோட்டம் தோட்டமாக நடந்து சொல்லிக்கொடுத்ததன் பலனை இங்கே பார்க்கலாம். முப்பது வருடத்தில் தலைமை ஆசிரியர் நாற்காலியில் இந்தியர். கோர்ட்டில் ஏழையின் பேச்சை நீதிபதிக்குச் சொல்கிறவர் இந்தியர். அதே வருடம் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தி முன்னால் வந்து நின்றார். அவர் சொன்னதைக் காந்திக்குப் புரியவைத்தவர் அந்த அலுவலகத்தில் இருந்த தமிழ் குமாஸ்தா. எழுதப் படிக்கத் தெரிந்த, இரண்டு மொழி தெரிந்த ஒரு ஆள் அந்த அறையில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வழக்கு எப்படிப் போயிருக்கும்?

கூப்பிட்டதால் போனவர்

அக்கா மகளின் கேள்விக்கு மிக நெருக்கமான ஆள் இனிமேல்தான் வருகிறார். ஜான் ரங்கையா. தமிழர் இல்லை, தெலுங்கர். நெல்லூர்க்காரர். ஆனால் அன்றைக்கு நெல்லூரும் செங்கல்பட்டும் ஒரே மெட்ராஸ் மாகாணம், போவதும் ஒரே துறைமுகம் வழியாக. பாப்டிஸ்டு சபை. ஆசிரியர் வேலை பார்த்தவர்.

நேட்டாலுக்குப் போன தெலுங்குக் கூலிகளில் பாப்டிஸ்டுகள் இருந்தார்கள். அவர்கள் ஊருக்குக் கடிதம் எழுதி, தங்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார்கள். இங்கே இருந்த தெலுங்கு சபைகள் காணிக்கை சேர்த்து அனுப்பிய ஆள்தான் ரங்கையா. 1903-இல் மனைவி கனகம்மாவோடு போய் இறங்கினார். அதே வருடம் டிசம்பர் 27-ஆம் தேதி கியர்ஸ்னி என்ற இடத்தில் சபை உருவானது. 1915-இல் நேட்டாலிலேயே இறந்தார். பன்னிரண்டு வருடம்.

கியர்ஸ்னி, டர்பனுக்கு வடக்கே ஸ்டாங்கர் பக்கத்தில் (இப்போது குவாடுகுஸா) இருந்த தேயிலைத் தோட்டம். ஆமாம், நேட்டாலில் கரும்பு மட்டுமில்லை, தேயிலையும் விளைந்தது. தோட்டத்தின் சொந்தக்காரர் லீஜ் ஹியூலட், நேட்டால் அரசியலில் பெரும்புள்ளி, அவரும் கிறிஸ்தவர், மெதடிஸ்டு. ஆக, தோட்ட முதலாளி கும்பிடும் தெய்வமும் தேயிலை கிள்ளுகிறவர் கும்பிடும் தெய்வமும் ஒன்று. நடுவில் ரங்கையா.

அந்த நடு இடம் லேசானதில்லை. 1895-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் புதிதாக ஒப்பந்தம் போட்டு வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும், அல்லது மறுபடியும் ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி. மாதம் பத்து ஷில்லிங் கணக்கில் பார்த்தால் ஆறு மாதச் சம்பளம். ரங்கையா போய் இறங்கிய காலத்தில் இந்த வரி ஜனங்களின் கழுத்தை நெரிக்கத் தொடங்கியிருந்தது. 1914-இல்தான், அதுவும் பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அது போனது. அப்படியென்றால் அவர் சபையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்திருக்கும்: இருப்பதா, போவதா?

ரங்கையாவுக்கு வசதியாக இருந்தது எது? மொழி புதிதில்லை. அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் என்று ரேஷனில் அளந்து கொடுக்கும் சாப்பாடும் அவருக்குத் தெரிந்ததுதான், அரிசிக்குப் பதில் மக்காச்சோளம் வரும் நாட்களைத் தவிர. அவரை அனுப்பியவர்களும் ஏழைகள், அவர் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஏழைகள். அவரை யாரும் சந்தேகமாகப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. கூப்பிட்டவர்கள் அவர்கள்தானே.

ஆனால் அவளை யார் கூப்பிட்டார்கள்?

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள். "மாமா, நல்லா இருக்கு. ஆனா இவங்க எல்லாரும் நம்ம ஆளுங்களைத் தேடித்தானே போனாங்க? அங்க இருந்த ஆப்பிரிக்கப் பிள்ளைங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா? நான் போறது அவங்ககிட்டதானே?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் சொன்னது சரி. இந்தியர்களுக்கான மிஷன் இந்தியர்களோடு நின்றது. ஜூலுக்களுக்குத் தனி மிஷன், தனிப் பள்ளி. 1901-இல் ஜான் டூபே என்ற ஜூலு தலைவர் இனாண்டாவில் ஓலாங்கே என்ற பள்ளியைத் தொடங்கினார். காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதற்குப் பக்கம்தான். ஆனாலும் இரண்டு ஜனங்களும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. ரங்கையா ஊன்றியது நெல்லூரின் ஒரு துண்டில். அந்தத் துண்டு ஜூலு மண்ணில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் அவளுக்கு முன்னோடி யார்? யோசித்தால் விடை சங்கடமானது. நேட்டாலுக்குப் போன நம்ம ஆட்கள் இல்லை, செங்கல்பட்டுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். அழைக்கப்படாமல், மொழி தெரியாமல், படிப்பும் பணமும் அதிகாரமும் தங்கள் பக்கம் இருக்க, வந்து இறங்கியவர்கள்.

அவர்களை நம்ம ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள்? ஆங்கிலம் வேண்டும், மதம் வேண்டாம். ஆசிரியருக்கும் இது தெரியும், பெற்றோருக்கும் தெரியும். 1838-இல் ஆண்டர்சனின் மெட்ராஸ் பள்ளியில் தலித் பையன்கள் சேர்ந்து படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மேல்சாதிப் பெற்றோர் அவர்களை வெளியே அனுப்பச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். 1841-இல் சில மாணவர்கள் ஞானஸ்நானம் வாங்கியபோது பள்ளி கிட்டத்தட்ட காலியானது. முதல் விஷயத்தில் நான் ஆண்டர்சன் பக்கம். இரண்டாவதில், பிள்ளையை நம்பி அனுப்பிய அப்பா அம்மாவின் பயத்தை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. அந்த ஆசிரியரிடம் ஒரே நேரத்தில் அந்தத் துணிச்சலும் இருந்தது, இந்தக் கண்மூடித்தனமும் இருந்தது.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். "நீ அங்க ரங்கையா இல்லம்மா. நீ அங்க வெள்ளைக்காரி மாதிரி. உன் கையில மார்க் இருக்கு, ஃபாரின் பாஸ்போர்ட் இருக்கு. அவங்க மரியாதையா சிரிக்கிறதை எல்லாம் சம்மதம்னு எடுத்துக்காதே."

அக்கா பின்னாலிருந்து கத்தினாள்: "ஏன்டா பிள்ளையைப் பயமுறுத்தறே?"

மூன்று மாதம் கழித்து

ஆகஸ்டு கடைசியில் அவள் போனாள். மீனம்பாக்கத்தில் அக்கா அழுதாள், அவள் அழவில்லை. முதல் இரண்டு வாரம் செய்திகள் ஒற்றை வார்த்தையில் வந்தன. "ஓகே." "ஃபைன்." எனக்கு அது நல்லதாகப் படவில்லை. மூன்றாவது வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு, "மாமா, நான் தப்பு பண்ணிட்டேனோ" என்று வந்தது. காலையில் பார்த்துக் கூப்பிட்டால், வகுப்பில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

போன வாரம் ஒரு குரல் பதிவு வந்தது. நான்கு நிமிடம். ன்சிமா என்ற மக்காச்சோளக் களி பழகிவிட்டதாம், நம்ம களி மாதிரிதான், வெள்ளையாக இருக்கும். ஏரியில் பிடித்துக் காயவைக்கும் உசிபா என்ற பொடி மீன் சந்தையில் கிடைக்கிறதாம். "அப்படியே நெத்திலிக் கருவாடு மாமா. வறுக்கும்போது கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வாசனையாலன்னு சொல்லிக்கிட்டேன்."

அப்புறம் வகுப்பு. அவள் சிச்சேவா மொழியில் எண்கள் சொல்லப் பழகுகிறாள். தினமும் பாடம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பிள்ளைகள் அவளுக்குச் சொல்லித்தர வேண்டும், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மொத்த வகுப்பும் சிரிக்குமாம். பின்வரிசையில் ஒரு பெண் இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. அன்றைக்கு அவள் எழுந்து, டீச்சர் சொன்ன உச்சரிப்பைத் திருத்தினாளாம்.

"அவ்ளோதான் மாமா நடந்தது. அப்புறம் வழக்கம் போல அல்ஜீப்ரா."

பதிவின் கடைசியில் ஒரு சின்னக் குரல் தூரத்தில், "முலி ப்வாஞ்ஜி" என்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று அர்த்தமாம். அக்காவுக்கு அதை மூன்று தடவை போட்டுக் காட்டினேன். மூன்றாவது தடவை, "தண்ணி எப்படி இருக்குன்னு அவ சொல்லவே இல்லையே" என்றாள்.